தையற் பாடம்: உடையின் உட்புற ஓரங்களைப் பிசிறின்றி முடித்தல்



துணியை அளவெடுத்து வெட்டவும், வெட்டிய துண்டுகளை இயந்திரத்தில் மூட்டவும் ஓரளவு பழகியவர்களுக்காக இப்பாடம் எழுதப்படுகிறது. வீட்டில் தைத்த உடை வெளிப்புறத்தில் கண்ணுக்கு அழகாகவே இருக்கும். அதனை உட்புறம் திருப்பிப் பார்த்தால்தான் தைத்தவரின் கைத்திறன் தெரியவரும். வெட்டிய ஓரங்களில் நூல் நூலாகப் பிசிறு தொங்கும். சில இடங்களில் அது கத்தையாகச் சுருண்டு கிடக்கும். "உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்பதுண்டு. பார்ப்பவர் பாராதவர் பற்றிய பேச்சே இதில் இல்லை. ஒவ்வொரு சலவைக்கும் பிசிறு சிறிது சிறிதாக உள்ளே ஏறித் தையற் கோட்டை நெருங்குகிறது. நெருங்கிவிட்டால் தையல் பிடித்துக்கொள்ளத் துணி இராது. நூல் அறாமலேயே தையல் நழுவிவிடும்.

அது எங்கே நழுவும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் ஐவேளை குனிகிறோம், மண்டியிடுகிறோம், நெற்றியை நிலத்தில் வைக்கிறோம். ருகூவிலும் சுஜூதிலும் இழுவை முழுவதும் சிலுவாரின் பின்புறத் தையலிலும், சட்டையின் அக்குளிலும், முதுகுப் பக்கத்திலும் போய் விழுகிறது. பெருநாள் தொழுகையில் ஸஃபின் நடுவே ஒரு சிறுவனின் புதுச் சிலுவார் 'டர்' என்று கிழிந்தால் அவன் தொழுகையும் போயிற்று, அன்றைய மகிழ்ச்சியும் போயிற்று. ஆகவே உள் ஓரத்தை முடிப்பது அலங்கார வேலை அன்று. மறைக்க வேண்டியதை மறைப்பதற்கே உடை அணிகிறோம். அந்த மறைவு நிலைக்க வேண்டுமானால் ஓரம் நிலைக்க வேண்டும்.

இதில் பலரும் கவனியாத செய்தி ஒன்றுண்டு. ஓரத்தை எம்முறையில் முடிப்பது என்பதைத் துணியில் கத்திரி வைப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு துணியைத் தின்னும். ஒரு மேற்சட்டைக்கு நான்கு துண்டுகள் என்று கொள்வோம். நெடுக்கு ஓரங்கள் மொத்தம் எட்டு. கால் அங்குலம் மட்டும் விட்டு வெட்டிவிட்டு, பிறகு அரை அங்குலம் பிடிக்கும் தையலைப் போட்டால், எட்டுக் கால் அங்குலம் சேர்ந்து 2 அங்குலச் சுற்றளவு குறைந்து போகும். சட்டை ஏன் இறுகிவிட்டது என்று அளவுநாடாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிசிறு எதனால் உண்டாகிறது? நெய்த துணி நெடுக்கே ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் பின்னியது. ஊடை நூல் திரும்பி வரும் இடமே கரை; அங்கே நூல் அறுபடாததால் பிசிறு வராது. கத்திரி பட்ட இடத்திலோ நூலின் முனை விடுபட்டு நிற்கிறது. அடுத்த நூலைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. நெசவு நெருக்கமான பாப்ளின் மெதுவாகப் பிசிறும். நெசவு தளர்ந்த துணியும், வழுவழுப்பான சாட்டினும் கையில் எடுத்தவுடனே உதிரும். குறுக்குவாட்டில், அதாவது பாவுக்கும் ஊடைக்கும் நடுச்சாய்வாக வெட்டிய ஓரம் மிகக் குறைவாகவே பிசிறும். இதனைப் பின்னால் ஓரிடத்தில் பயன்படுத்தப் போகிறோம்.

கரையைப் பற்றிச் சொன்னோம். கரையோடு கரை சேர்த்து மூட்ட வாய்ப்பிருந்தால் அதைவிட எளிய முடிப்பு வேறில்லை. தொழுகைப் பாவாடை போன்ற நேர்த்துண்டுகளில் இப்படிச் செய்யலாம். ஆனால் சில துணிகளில் சலவைக்குப் பின் கரை மட்டும் இறுகி, தையல் சுருங்கி நிற்கும். அத்தகைய துணியில் கரையை நாலு விரலுக்கு ஒருமுறை சிறிதளவு குறுக்கே நறுக்கி விடவும். பருத்தித் துணியை வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காய வைத்துக்கொண்டால் இத்தொல்லை பெரும்பாலும் வராது.

முதற் பயிற்சிக்குக் கைலியே ஏற்றது. நம் வீடுகளில் கைலி மூட்டாத வீடு ஏது? நாம் கட்டும் கைலியை மலாய் மக்கள் 'காயின் பெலிக்காட்' என்பர். சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காடு என்னும் துறைமுகத்தின் பெயரே அவ்வாறு மருவி வழங்குகிறது. கடையில் வாங்கும் மூட்டாத கைலிக்கு மேலும் கீழும் கரை உண்டு. வெட்டிய ஓரம் இரண்டு தலைப்பில் மட்டுமே. அவ்விரண்டையும் சேர்த்து வெறும் ஒற்றைத் தையல் அடித்துக் கொடுத்துவிடுவது பலருடைய வழக்கம். நாள்தோறும் கட்டி, நாள்தோறும் துவைக்கும் உடைக்கு அது போதாது. மடித்தடிக்கும் தையலே இதற்குத் தகும்.

கைலியின் நல்ல பக்கங்கள் இரண்டும் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி தலைப்புக்களைச் சேர்க்கவும். மேல் துணியின் ஓரத்தைவிடக் கீழ்த் துணியின் ஓரம் கால் அங்குலம் வெளியே நீண்டிருக்கட்டும். கட்டம் கட்டத்தோடும் கோடு கோட்டோடும் பொருந்துகிறதா என்று குண்டூசி குத்திச் சரிபார்க்கவும். மேல் துணியின் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி, முதல் தையலை நேராக அடிக்கவும். பிறகு வெளியே நீண்டிருக்கும் கால் அங்குலத்தை மேல் துணியின் ஓரத்தின்மீது மடித்து இஸ்திரி போடவும். மடித்த ஓரம் தையற் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இப்போது துணியை விரித்து, அம்மடிப்பு முழுவதையும் மேல் துணியின் பக்கமாகச் சாய்த்துப் படிய வைத்து, மடிப்பின் விளிம்பை ஒட்டி இரண்டாம் தையலை அடிக்கவும். வெட்டிய ஓரம் இரண்டும் உள்ளே அடைபட்டுவிட்டன. ஒரு புறம் இரண்டு தையற் கோடும், மறுபுறம் ஒரு கோடும் தெரியும். கட்டம் போட்ட கைலிக்கு நெசவில் இரு புறமும் ஒன்றுபோலவே இருப்பதால், எப்புறம் வெளியே தெரியக் கட்டினாலும் குற்றமில்லை.

தொடக்கமும் முடிவும் கரையில் வரும் இடங்களில் மட்டும் இயந்திரத்தை முன்னும் பின்னும் இருமுறை ஓட்டிக் கட்டவும். கைலியின் மூட்டு பிரிந்தால் முதலில் பிரிவது அந்த இடந்தான்.

ஆண்களின் சட்டை, பைஜாமாவின் வெளிப்பக்கத் தையல், தலையணை உறை ஆகியவற்றிற்கும் இதே தையல் பொருந்தும். கையால் தைப்பவர்கள் முதல் வரியை நெருக்கமான ஓட்டுத் தையலாகவும், இரண்டாம் வரியைச் சாய்வான விளிம்புத் தையலாகவும் போடலாம். சற்று நேரம் பிடிக்கும். உழைப்பு வீண் போகாது.

இனி, முன்னே சொன்ன பின்புறத் தையலுக்கு வருவோம். சிலுவாரானாலும் பைஜாமாவானாலும் இரு கால்களின் உட்பக்கத்தையும் முதலில் தனித்தனியே தைத்து முடிக்கவும். அதன்பின் ஒரு காலை மற்றொரு காலுக்குள் நுழைத்து, முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை ஒரே ஓட்டமாக அடிக்கவும். இவ்விடம் வளைவானது, துணி சாய்வில் இருப்பதால் இழுத்தால் நீளும். நூலோ நீளாது. அதனால்தான் துணி கிழியாமல் தையல் மட்டும் படபடவென்று அறுகிறது. இதற்குப் பரிகாரம் என்னவெனில், அங்குலத்திற்கு 12 தையல் என்ற அளவில் சிறு தையலாக வைத்துக்கொண்டு, வளைவில் துணியை இரு கையாலும் மெல்ல இழுத்துப் பிடித்தவாறு அடிப்பதாகும். அதற்கு அரைக்கால் அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர் வெளியே, ஓரத்தின் பக்கமாக இரண்டாம் வரி ஒன்று அடிக்கவும். இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துச் சுற்றுத் தையலாலோ வளைதையலாலோ முடித்துவிடவும். வளைவுப் பகுதியில் ஓரங்களைப் பிரித்து இஸ்திரி போடக் கூடாது. மடித்தடிக்கும் தையலை இங்கும் போடலாம் என்பார்கள். நான்கு தையல் கூடும் புள்ளியில் அது கட்டி தட்டி, உட்காரும்போது உறுத்தும். நாம் அதனைச் சிபாரிசு செய்வதில்லை.

மெல்லிய துணிகளுக்கு வருவோம். வாயில், மஸ்லின், ஜார்ஜெட் போன்றவற்றில் தொழுகை உடையும் மேலாடையும் தைக்கும்போது உள் ஓரம் வெளியே நிழலாகத் தெரியும். வெள்ளைத் தெலுகோங்கில் ஓவர்லாக் போட்டால் வெளிச்சத்தில் அகலமான பட்டைபோல் தோன்றும். இத்துணிகளுக்கு பிரெஞ்சுத் தையல் என்று வழங்கும் முறையே உயர்ந்தது. தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டிக்கொள்ளவும். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரு துண்டுகளையும் சேர்த்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் முதல் வரியை அடிக்கவும். புதிதாகக் கற்பவர்களுக்கு, பக்கம் மாறித் தைக்கிறோமோ என்று ஐயம் எழும், சரியாகத்தான் தைக்கிறீர்கள். அடித்த பின் ஓரத்தை அரைக்கால் அங்குலமாக நறுக்கவும். துணியைத் திருப்பி, நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி மடித்து, முதல் தையல் மிகச் சரியாக மடிப்பின் உச்சியில் வரும்படி விரலால் உருட்டி இஸ்திரி போடவும். இப்போது மடிப்பிலிருந்து கால் அங்குலத்தில் இரண்டாம் வரியை அடிக்க, பிசிறு முழுவதும் உறைக்குள் இட்டதுபோல் மறைந்துவிடும்.

இம்முறையில் கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். நறுக்க வேண்டிய ஓரத்தைச் சோம்பலால் நறுக்காமல் விட்டால், இரண்டாம் தையலுக்கு வெளியே மீசைபோல் நூல்கள் எட்டிப் பார்க்கும். வெளிப்புறத்தில் தெரியும் அவற்றைப் பின்னர் கத்திரியால் ஒவ்வொன்றாகக் கத்தரித்தாலும் அடுத்த சலவையில் மறுபடியும் முளைக்கும். மெல்லிய துணிக்கு 9 அல்லது 11 எண் ஊசி போடவும். சாதாரணப் பருத்திக்குப் பயன்படும் 14 எண் ஊசி வாயிலில் துளை துளையாகத் தடம் விடும்.

பிரெஞ்சுத் தையலின் அழகைக் கண்டு எல்லாவற்றிற்கும் அதையே போட ஆசை வருவது இயல்பு. அதற்கும் இடம் பொருள் உண்டு. தடித்த துணியில் அது கயிறுபோல் தடித்து நிற்கும். ஆழ்ந்த வளைவுகளில் சுருங்கும். மூன்றாவது காரணம் நம் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது: பிரெஞ்சுத் தையலிட்ட உடையைப் பின்னால் பெரிதாக்க இயலாது. ஓரத்தைத்தான் நறுக்கி எறிந்துவிட்டோமே! வளரும் பிள்ளையின் பெருநாள் உடுப்பை ஒரே ஆண்டில் பெட்டியில் போடுவதா, அடுத்த ஆண்டும் போட்டு, அதன்பின் தங்கைக்கும் கொடுப்பதா என்பதை இந்த ஒரு தையல் தீர்மானித்துவிடுகிறது. ஆயத்த உடைகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் இது அற்பமாகத் தோன்றலாம். நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு எடுக்கும் உம்மாவைக் கேட்டால் அற்பமா இல்லையா என்று சொல்வார்.

குழந்தைகளின் பாஜு குரோங், சட்டை, பாவாடை ஆகியவற்றின் பக்கத் தையல்களுக்கு ஒரு முழு அங்குலம் விட்டு வெட்டவும். மூட்டுவதற்கு முன்பே, துண்டுகள் தட்டையாக இருக்கும்போதே, ஒவ்வொரு ஓரத்தையும் தனித்தனியே அரைக்கால் அங்குலம் உட்பக்கமாக மடித்து விளிம்பில் ஒரு வரி அடித்துவிடவும். பிறகு மூட்டி, ஓரங்களை இரு புறமும் பிரித்து இஸ்திரி போடவும். ஓரம் படிந்து கிடக்கும். குழந்தையின் தோலை அறுக்காது. அடுத்த ஆண்டு பழைய தையலைப் பிரித்து, அரை அங்குலம் வெளியே புதுத் தையல் போட்டால், ஒரு பக்கத்தில் 1 அங்குலம், இரு பக்கமும் சேர்ந்து 2 அங்குலம் சுற்றளவு கூடும். கீழ் மடிப்பையும் 2 அல்லது 3 அங்குலம் அகலமாக வைத்துக்கொண்டால் உயரமும் இறக்கலாம். இறக்கிய பின் பழைய மடிப்பின் கோடு பிடிவாதமாகத் தெரிந்தால், தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் போட்டு இஸ்திரி தேய்த்துப் பார்க்கவும். சாயம் போகிறதா என்று உட்புறத்தில் ஒரு மூலையில் முதலில் சோதித்துக்கொள்வது நலம். வெயிலில் நிறம் மங்கியதால் வந்த கோடானால் வினிகருக்கும் மசியாது. அதன்மேல் ஒரு வரி லேஸோ நாடாவோ தைத்து மறைக்கலாம்.

பாஜு குரோங் என்றதும் இன்னொன்று சொல்லியாக வேண்டும். பழைய முறையில் வெட்டிய பாஜு குரோங்கில் உடல், கை, பக்கங்களில் இணைக்கும் 'பெசாக்', அக்குளில் வைக்கும் சதுரமான 'கெக்கெக்' எல்லாம் தனித்தனித் துண்டுகள். கையைத் தூக்கித் தக்பீர் கட்டும்போது சட்டை மேலே இழுபடாதிருப்பது இந்தச் சிறு சதுரத்தினால்தான். இக்காலத்து மோடன் வகைகளில் இதைக் காண்பதரிது. அழகு குறையாது என்றாலும் வசதி குறைகிறது என்பது நமது கருத்து. கெக்கெக்கின் மூலைகளில் பிரெஞ்சுத் தையல் போட முயன்று பலர் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். நீண்ட நேர்த்தையல்களுக்கு எதையும் போடுங்கள்; கெக்கெக்குக்கு மட்டும் ஒற்றைத் தையலாக மூட்டி, மூலைக்கு அரை அங்குலம் இருக்கும்போதே தையலை நிறுத்திக் கட்டி, துணியைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் தொடங்கவும். நான்கு பக்கமும் முடிந்தபின், ஓரங்களில் ஒன்றைப் பாதியாக நறுக்கி, மற்றதை அதன்மேல் மடித்து, கையாலேயே விளிம்புத் தையல் போட்டு அமுக்கிவிடவும். மூலை படியும், பலமும் இருக்கும். தெலுக் பெலாங்கா வகைக் கழுத்தில் மலாய்ப் பெண்கள் கையால் போடும் 'துலாங் பெலுட்', அதாவது விலாங்கு மீனின் எலும்பு என்னும் தையலைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கழுத்தோரத்தை முடிக்கும் தையல்தான். ஓர் ஓரத்தை முடிப்பதையே அணிகலனாக ஆக்கிக் காட்டியிருக்கிறார்கள். தெரிந்த மாதரிடம் பக்கத்தில் அமர்ந்துதான் கற்க வேண்டும், எழுத்தில் கற்பிக்க இயலாது.

இயந்திரம் இல்லாதவர்களுக்கும், இயந்திரம் நுழையாத இடங்களுக்கும் கையாற் சுற்றுத் தையல் உண்டு. ஒற்றை நூலில், ஒரு முழத்துக்கு மேற்படாத நீளத்தில் ஊசியைக் கோத்துக்கொள்ளவும். நீண்ட நூல் முறுக்கிக்கொள்ளும். ஊசியைத் துணியின் பின்னாலிருந்து ஓரத்திற்கு அரைக்கால் அங்குலம் உள்ளே குத்தி எடுத்து, ஓரத்தைச் சுற்றி மறுபடி பின்னாலிருந்தே குத்தவும். தையல்கள் சாய்வாக, கால் அங்குல இடைவெளியில் விழட்டும். அதிகம் உதிரும் துணியானால் இடைவெளியை இன்னும் நெருக்கவும். இறுக்கி இழுத்தால் ஓரம் சுருண்டு, வெளிப்புறத்தில் மேடு தட்டும். ஓரத்திற்குச் சற்று உள்ளே முதலில் ஒரு வரி நேர்த்தையல் அடித்துவிட்டு, அதன்மேல் சுற்றுத் தையல் போட்டால் பிசிறு அந்த வரியைத் தாண்டாது. மாலை வேளைகளில் பேச்சுக்கு நடுவே செய்யக்கூடிய வேலை இது. பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே. நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தங்கள் ஆடையைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கும்போது, ஊசி பிடிப்பது பெண்களுக்கு மட்டும் உரிய வேலை என்று யார் சொல்லக்கூடும்?

இப்போது வீட்டு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் வளைதையல் உண்டு, ஸிக்ஸாக் என்பார்கள். ஊசி இடமும் வலமுமாக ஆடும்போது, வலப்புறம் விழும் தையல் துணியின் ஓரத்தைச் சற்றே தாண்டி வெளியே விழுமாறு துணியை வைக்க வேண்டும். அப்போதுதான் நூல் ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும். முழுவதும் துணியின்மேலேயே விழுந்தால் அதற்கு வெளியே பிசிறு தாராளமாக உதிரும். மெல்லிய துணியில் ஓரம் உள்ளே சுருண்டுகொள்வதால், ஓரத்திலிருந்து சிறிது உள்ளே தள்ளி அடித்து, பிறகு எஞ்சிய துணியைத் தையலை வெட்டாமல் நறுக்கிவிடலாம். ஆனாலும் வாயிலுக்கு வளைதையல் அழகு தராது.

ஓவர்லாக் இயந்திரம் அமெரிக்காவில் மெர்ரோ என்பாரின் குடும்ப ஆலையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி, நெடுங்காலம் தொழிற்சாலைகளில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் வீட்டுக்கேற்ற சிறு வடிவில் வந்து, இன்று நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இடம் பிடித்துள்ளது. ஓரத்தை வெட்டிக்கொண்டே நூலால் சுற்றிவிடும் விரைவு அதற்குண்டு. இழுபடும் பின்னல் துணிக்கு அதற்கு நிகர் வேறில்லை. எனினும் அது வந்த பிறகு மற்றத் தையல்களை மறந்துவிடும் போக்கு வளர்ந்திருப்பதை நாம் விரும்பவில்லை. மூன்று நூல் ஓவர்லாக்கை மட்டும் நம்பி நெய்த துணியை மூட்டினால், இழுக்கும்போது தையல் வாய் திறந்து நூல் தெரியும். சாதாரண இயந்திரத்தில் நேர்த்தையல் அடித்த பின்னரே ஓவர்லாக் போட வேண்டும். அதன் கத்தி குண்டூசியையும் வெட்டும், மடிந்து கிடக்கும் சட்டையின் முன்பக்கத்தையும் இரக்கமின்றி வெட்டும். குண்டூசிகளை முன்கூட்டியே எடுத்துவிடவும். முடிவில் தொங்கும் நூற்சடையை அப்படியே நறுக்கினால் நாளடைவில் அவிழும். பெரிய காதுள்ள ஊசியில் கோத்து, அடித்த தையலுக்குள் ஓர் அங்குலம் திரும்பச் செலுத்திவிட்டு நறுக்கவும். பின்னல் துணி பிசிறாது என்பதால் அதற்கு ஓரம் முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை, சுருளாதிருப்பதற்காகவே போடுகிறோம்.

பல்வெட்டுக் கத்திரியால் ஓரத்தை நறுக்கி விட்டுவிடுவது துவைக்காத பொருளுக்குச் சரி. உடைக்குப் போதாது.

தடித்த துணியில் தைத்த லைனிங் இல்லாத ஜுப்பா, கோட்டு போன்றவற்றிற்கு நாடா கட்டும் முறை ஏற்றது. இங்கேதான் முன்னே சொன்ன சாய்வு வெட்டு உதவுகிறது. மெல்லிய துணியில் ஒன்றேகால் அங்குல அகலமான பட்டிகளை நடுச்சாய்வாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து நீளமாக்கிக்கொள்ளவும். தையல் ஓரத்தின் நல்ல பக்கத்தின்மேல் பட்டியை வைத்து, கால் அங்குலத்தில் அடித்து, ஓரத்தைச் சுற்றிப் பின்புறம் கொண்டுபோய், முதல் தையற் பள்ளத்திலேயே மீண்டும் ஒரு வரி அடிக்கவும். பின்புறத்தில் பட்டியின் வெட்டிய ஓரத்தை மடிக்க வேண்டியதில்லை; சாய்வு வெட்டாதலால் பிசிறாது, தடிப்பும் குறையும். தையற்காரர்கள் இதனை ஹாங்காங் முறை என்பர். பட்டிக்கு வேறு நிறம் வைத்தால் உட்புறத்திற்கே தனி அழகு வரும். ஸொங்கேட் துணிக்கும் இதுவே நலம். அதன் ஜரிகை ஊடை கத்திரி பட்டவுடன் கலைந்துவிடும். ஆகையால் வெட்டிய அன்றே, அந்த இடத்திலேயே, கையால் சுற்றுத் தையல் போட்டு நிறுத்தி வைத்து, பிறகு நாடா கட்டவும். அதனை மடித்து மறுநாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

வீட்டிலிருந்தவாறே கூலிக்குத் தைக்கும் சகோதரிகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. விவரம் தெரிந்த வாடிக்கையாளர் உடையை வாங்கியவுடன் முதலில் செய்வது அதனை உட்புறம் திருப்பிப் பார்ப்பதே. பிரெஞ்சுத் தையலுக்கு இருமுறை அடிப்பும், இடையில் நறுக்கும் வேலையும், இருமுறை இஸ்திரியும் உண்டு. ஓவர்லாக்கைவிட இரு மடங்கு நேரமாவது பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்கத் தயங்க வேண்டாம். எந்த ஓரம் வேண்டும், எதற்கு எவ்வளவு என்பதைத் துணியை வாங்கும்போதே சொல்லிவிடவும். குழந்தை உடையானால் "பெரிதாக்கும்படி துணி விட்டுத் தைக்கவா?" என்று கேட்டுக்கொள்ளவும். கேட்டவர்களிடமே அடுத்த பெருநாளுக்கும் துணி வந்து சேரும். துணி எடுக்க அரபு ஸ்திரீட்டுக்கோ சிராங்கூன் சாலைக்கோ, கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பகுதிக்கோ வாடிக்கையாளருடன் செல்ல நேர்ந்தால், கடையிலேயே துணியின் வெட்டிய முனையை விரல் நகத்தால் நாலைந்து முறை வருடிப் பார்க்கவும். நூல் எளிதில் கழன்று வந்தால், தையலுக்கு விடும் துணியைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். கால் மீட்டர் சேர்த்து வாங்குவது பாதுகாப்பு.

இப்பாடத்துக்குரிய பயிற்சி: மீந்த துணிகளில் ஆறு அங்குலச் சதுரங்கள் பத்து வெட்டிக்கொள்ளவும். இரண்டிரண்டாக இணைத்து, மடித்தடிக்கும் தையல், பிரெஞ்சுத் தையல், மடித்து விளிம்படித்த ஓரம், கையாற் சுற்றுத் தையல், வளைதையல் என ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி செய்யவும். எது எம்முறை என்று மூலையில் நூலால் அடையாளம் இடவும். அவற்றை ஒரு மாதம் வீட்டுச் சலவையோடு சலவையாகப் போட்டு எடுத்து, உட்புறத்தைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கவும். இரு கையாலும் பிடித்து இழுத்தும் பார்க்கவும். உங்கள் துணிக்கும் உங்கள் கைக்கும் எது ஒத்துவருகிறது என்பது அப்போது தெரியும்.

கழுத்துப் பட்டி, கைமுனை ஆகியவற்றின் ஓரங்களை, இன்ஷா அல்லாஹ், அடுத்த பாடத்தில் பார்ப்போம். வஸ்ஸலாம்.